சொலிசிட்டர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு

இங்கிலாந்திலும் வேல்சிலும் வழக்கறிஞர் தொழில் இரண்டு கிளைகளாகப் பிரிந்து வளர்ந்துள்ளது. நீதிமன்றத்தில் எழுந்து நின்று வழக்காடுவதையே முதன்மையான பணியாகக் கொண்டவர் பாரிஸ்டர் எனப்படுவர். கட்சிக்காரரை நேரில் கண்டு, அவர்தம் குறையைக் கேட்டு, பத்திரங்களை வரைந்து, கடிதப் போக்குவரத்தை நடத்தி, வழக்கைத் தொடக்கம் முதல் இறுதி வரை உடனிருந்து கவனிப்பவர் சொலிசிட்டர் எனப்படுவர். வீடு வாங்குவோர், உயில் எழுதுவோர், வணிக நிறுவனம் நடத்துவோர், மணமுறிவு வேண்டுவோர், காவல் நிலையத்தில் விசாரணைக்கு உள்ளானோர் ஆகிய பலரும் பெரும்பாலும் முதலில் நாடிச் செல்வது சொலிசிட்டரையே ஆகும். சென்னை, பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களிலும் அட்டர்னி என்னும் பெயரில் இவ்வகையினர் முற்காலத்தில் இருந்தனர்.

சொலிசிட்டராக விரும்பும் இளைஞர் சட்ட நூல்களைக் கற்றுத் தேர்வெழுதினால் மட்டும் போதாது. தொழிலில் பழுத்த ஒருவரின் மேற்பார்வையில் இரண்டு ஆண்டுகள் அலுவலகத்தில் இருந்து வேலை பழகவும் வேண்டும். நீந்துவது எப்படி என்று நூல் எழுதலாம். நூலைப் படித்தவர் நீந்திவிட முடியாது. கலங்கிய நெஞ்சோடு வந்திருக்கும் ஒருவரிடம் எதனைக் கேட்பது, எதனைக் கேளாது விடுவது, எந்தக் கடிதத்தை இன்றே அனுப்புவது என்பனவற்றை அருகிலிருந்து பார்த்தே அறிதல் கூடும். ஆகவே பயிற்சி இடம் ஒன்றைப் பெறுவது தொழிலுக்குள் நுழையும் வாயிலாக அமைகின்றது. அவ்வாயிலில் இன்று நிற்பது நேர்முகத் தேர்வு. முன்னாளில் அங்கு நின்றவை வேறு.

இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, இத்தொழிலுக்கு வர விரும்புவோர் எழுத்து மூலமான உடன்படிக்கை செய்துகொண்டு ஐந்து ஆண்டுகள் குமாஸ்தாவாகப் பணி செய்தல் வேண்டும் என விதித்தது. அத்தகைய இளைஞருக்கு உடன்படிக்கைக் குமாஸ்தா என்று பெயர். ஊதியம் பெற்று வேலை செய்யும் மற்றக் குமாஸ்தாக்களினின்றும் இவர் வேறானவர். இவருக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. மாறாக, இவருடைய தந்தை அலுவலகத் தலைவருக்குப் பெருந்தொகை ஒன்றை முன்பணமாகச் செலுத்த வேண்டியிருந்தது. அதன்மேல் அரசாங்கமும் உடன்படிக்கைப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை வாங்கிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீர்வை மட்டுமே 80 பவுன் ஆகும். எளிய குடும்பத்து இளைஞன் அலுவலகத்தின் வெளி அறையில் அமர்ந்து வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதியதைப் படியெடுக்கலாம். உள்ளறைக்குச் செல்லுதல் அரிது.

அந்த வெளி அறையை நன்கறிந்தவர் நாவலாசிரியர் சார்லசு டிக்கன்சு. அவர் 1827-இல், பதினைந்து வயதில், இலண்டனில் ஒரு சட்ட அலுவலகத்தில் இளங்குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1849-இலும் 1850-இலும் பகுதி பகுதியாக வெளிவந்த ‘டேவிட் காப்பர்பீல்டு’ என்னும் நாவலில், கதைத் தலைவன் சொலிசிட்டர் தொழிலை ஒத்த பிராக்டர் என்னும் தொழிலைப் பழகச் செல்கின்றான். அவனை ஏற்றுக்கொள்ள அலுவலகம் கேட்கும் முன்பணம் ஆயிரம் பவுன். அவனை வளர்க்கும் அத்தை அதனைச் செலுத்துகின்றாள். அவனுடைய அறிவையோ நேர்மையையோ எவரும் சோதிக்கவில்லை. பின்னர் அத்தை பொருளிழந்து வறுமையுற்றபோது, முன்பணத்தைத் திரும்பப் பெற அவன் முயல்கின்றான். கூட்டாளிகளில் ஒருவர் மற்றவரைக் காரணம் காட்டிக் கையை விரித்துவிடுகின்றார். கதைதான் என்றாலும் அக்காலத்து நடைமுறையை அது உள்ளவாறே காட்டுகின்றது.

பணம் இருந்தும் நுழைய இயலாதவர்களும் இருந்தனர். 1913-ஆம் ஆண்டில் குவினெத் பெப் என்னும் பெண்மணி, ஆக்சுபோர்டில் சட்டம் பயின்று முதல் வகுப்பிற்குரிய தகுதி பெற்றவர், சொலிசிட்டர்களின் சங்கமாகிய லா சொசைட்டி நடத்திய தொடக்கத் தேர்வை எழுத விண்ணப்பித்தார். வேறு மூன்று பெண்களும் அவருடன் முயன்றனர். பெண் சொலிசிட்டராதல் இயலாது என்று சொசைட்டி மறுத்தது. வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்றது. 1843-ஆம் ஆண்டுச் சொலிசிட்டர் சட்டத்தில், ஆண்பாற் சொற்கள் பெண்பாலாரையும் குறிக்கும் என்று விளக்கப் பிரிவொன்று தெளிவாகவே இருந்தது. இருந்தும், பெண்கள் இத்தொழிலில் இருந்த வழக்கம் என்றும் இல்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இதுவரை இல்லாதது இனியும் இருத்தலாகாது என்னும் இவ்வாதம் இன்று படிப்பவருக்கு விந்தையாகத் தோன்றும்.

1919-ஆம் ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இத்தடையை நீக்கிற்று. 1922-இல் காரி மாரிசன், மேரி பிக்கப், மேரி சைக்சு, மாடு கிராப்ட்சு ஆகிய நால்வர் இறுதித் தேர்வில் வென்றனர். இவர்களுள் மாடு கிராப்ட்சு 1913-இல் பெப்புடன் சேர்ந்து போராடியவர். முதலில் சொலிசிட்டராகப் பதிவு பெற்றவர் காரி மாரிசன். யார் முதலில் பதிவாவது என்பதை முடிவு செய்ய நால்வரும் சான்சரி லேன் என்னும் தெருவில் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டனர் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. குவினெத் பெப் அந்நாளைக் காணவில்லை. பாரிஸ்டராவதற்குப் பயின்றுகொண்டிருந்த அவர் 1921-இல் காலமாகிவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்த பின்னர் முன்பணம் வாங்கும் வழக்கம் மறைந்தது. பயிற்சியாளருக்கு ஊதியம் அளிப்பது முறையாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் ‘உடன்படிக்கைக் குமாஸ்தா’ என்ற பழைய பெயரும் போய், ‘பயிற்சி சொலிசிட்டர்’ என்ற பெயர் வந்தது. பெரிய நிறுவனங்கள் ஊதியம் தருவதோடு, தேர்வுக்குரிய படிப்புச் செலவையும் ஏற்கின்றன. ஆதலின் முன்னாளில் தந்தையின் பணப்பை செய்த வேலையை இன்று நேர்முகத் தேர்வு செய்ய வேண்டியுள்ளது. இடங்கள் சில, விரும்புவோர் பலர்.

இலண்டன் மாநகரின் பெரிய நிறுவனங்கள் பயிற்சி தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆள் தேர்ந்தெடுக்கின்றன. முதலில் எழுத்து மூலம் விண்ணப்பம். பின்னர்ச் சிறு தேர்வுகள். அவற்றில் தேறியவருக்கு அலுவலகத்திலேயே ஒரு நாள் முழுவதும் நடைபெறும் சோதனை. சில நிறுவனங்கள் விடுமுறைக் காலத்தில் மாணவரை ஓரிரு வாரங்கள் அலுவலகத்தில் வைத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்கின்றன. சிற்றூர்களிலுள்ள சிறு அலுவலகங்களிலோ, கூட்டாளிகள் இருவர் மேசைக்கு அப்பால் அமர்ந்து முக்கால் மணி நேரம் பேசுவதே தேர்வாக இருத்தலும் உண்டு.

கேட்கப்படும் வினாக்களுள் மிக எளியதாகத் தோன்றுவது, ‘எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்?’ என்பது. பலர் இடறி விழுவதும் இதிலேயே. ‘புகழ் பெற்ற நிறுவனம், சிறந்த பயிற்சி, நல்ல சூழ்நிலை’ என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவரின் விடையில் நிறுவனத்தின் பெயரை மாற்றி வேறொரு பெயரை வைத்தாலும் பொருள் கெடாது. ஆதலின் அது விடையாகாது. கப்பல் வாணிக வழக்குகளை நடத்தும் அலுவலகத்திற்கும், குடியிருப்போர்க்கு வாடகைச் சட்ட உதவி செய்யும் அலுவலகத்திற்கும் வேறுபாடு மிகுதி. அங்கு நாள்தோறும் நடைபெறும் வேலை யாது, அதில் தமக்கு ஈடுபாடு எவ்வாறு உண்டாயிற்று என்று சொல்லத் தெரிந்தவரே அங்கு வேலை செய்ய எண்ணி வந்தவர் எனக் கொள்வர். பாரிஸ்டராகாமல் சொலிசிட்டராக விரும்புவது ஏன் என்ற வினாவும் இத்தகையதே.

சோதனையின் நடுநாயகம் ஆவணங்களைப் படித்து ஆராயும் பகுதியாகும். ஒரு கட்டுத் தாள்களைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் படித்துவிட்டு வந்து கருத்துக் கூறுமாறு பணிப்பர். எடுத்துக்காட்டாக, ரொட்டி தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை ஒருவர் விலைக்கு வாங்க விரும்புகின்றார் எனக் கொள்ளலாம். கட்டில் நான்கு செய்திகள் மறைந்து கிடக்கின்றன. தொழிற்சாலை நிற்கும் நிலத்தின் குத்தகை இன்னும் பதினெட்டுத் திங்களில் முடிகின்றது. ரொட்டியில் பாதியை வாங்குவது ஒரே கடைத்தொடர்; நிறுவனம் கை மாறினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அக்கடைத்தொடருக்கு உண்டு. ரொட்டியின் வணிகச் சின்னம் நிறுவனத்தின் பெயரில் இல்லை. நிறுவியவரின் சொந்தப் பெயரில் பதிவாகியுள்ளது. வேலையினின்று நீக்கப்பட்ட ஒருவர் சிறு தொகை கேட்டுத் தொடுத்த வழக்கு நிலுவையில் உள்ளது.

நான்கையும் கண்டுபிடிப்பது பாதி வேலையே. அவற்றை வரிசையாக ஒப்புவித்து நின்றுவிடுபவர் பலர். திறமுடையவர் முதலில் கடைத்தொடரின் ஒப்பந்தத்தை எடுப்பார். அது முறிந்தால் வாங்குபவருக்குக் கிடைப்பது பாதி நிறுவனமே அன்றோ? விற்பனை முடியும் முன்பே கடைத்தொடரின் இசைவை எழுத்தில் பெறவேண்டும், கிடைக்காவிடில் விலையைக் குறைக்க வேண்டும் என்று வழியும் கூறுவார். வணிகச் சின்னத்தை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றித் தருவதை விற்பனையின் நிபந்தனையாக வைக்கச் சொல்வார். குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமை உண்டா என்று வினவுவார். வேலை இழந்தவரின் வழக்கை இறுதியில் ஓரிரு சொற்களில் முடித்துவிடுவார். தாளில் அவ்வழக்கே மிக நீளமாக எழுதப்பட்டிருக்கும் என்பது தேர்வாளர் வைக்கும் பொறி.

அத்துடன் அவர்கள் விடுவதில்லை. ‘கட்சிக்காரர் நாளையே கையெழுத்திட வேண்டும் என்கின்றார், நீர் என்ன சொல்வீர்?’ என்று மடக்குவர். ‘கூடாது’ என்று தடுப்பதும், ‘சரி’ என்று தலையசைப்பதும் ஏற்ற விடைகள் அல்ல. ஆபத்து இன்னது, அதனால் நேரக்கூடிய இழப்பு இவ்வளவு என்று கட்சிக்காரருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பது சொலிசிட்டரின் கடமை. அதனைக் கேட்ட பின் துணிவதும் துணியாததும் கட்சிக்காரரின் உரிமை. இவ்வெல்லையை உணர்ந்திருக்கின்றாரா என்பதே அவ்வினாவின் நோக்கம். சில வேளைகளில் தேர்வாளர் வேண்டுமென்றே சரியான கருத்தை மறுத்துப் பேசுவர். உடனே பின்வாங்குபவர் நாளை எதிர்த்தரப்புச் சொலிசிட்டரின் ஒரு கடிதத்திற்கே அஞ்சிவிடுவார். தம் பிழை வெளிப்படையாகக் காட்டப்பட்ட பின்னும் அதனையே சாதிப்பவரோ கட்சிக்காரரைக் குழியில் தள்ளிவிடுவார். காரணம் கேட்டு, எண்ணிப் பார்த்து, மாற்றத்தக்கதை மாற்றி, மாற்றத்தகாததைப் பணிவோடு நிலைநிறுத்துபவரே வேண்டப்படுகின்றார். இதனை ஒரு மணி நேரத்தில் முற்றிலும் அளந்துவிட முடியுமா என்பது ஐயமே. ஆயினும் எழுத்துத் தேர்வால் இதனைச் சிறிதும் அளக்க முடியாது.

அறிவினும் மேலாகத் தேர்வாளர் நாடுவது நேர்மையை. இதற்குத் தக்க காரணம் உண்டு. வீட்டை விற்கும் முதியவரின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் சில நாட்கள் சொலிசிட்டரின் வங்கிக் கணக்கில் தங்குகின்றது. அப்பணத்தை அலுவலகத்தின் சொந்தப் பணத்தோடு கலத்தலாகாது என்பது கண்டிப்பான விதி. கட்சிக்காரர் தம் மனைவியிடமும் சொல்லாத செய்திகளைச் சொலிசிட்டரிடம் சொல்கின்றார்; அவற்றை வெளியிடலாகாது என்பது மற்றொரு விதி. ஆதலின், ‘நீதிமன்றத்தில் நேற்றே தாக்கல் செய்திருக்க வேண்டிய தாளை நீர் மறந்துவிட்டீர், மேலதிகாரி ஊரில் இல்லை, நேற்றைய தேதியை இட்டுவிடலாம் என்று உடன் வேலை செய்பவர் சொல்கின்றார், என்ன செய்வீர்?’ என்பது போன்ற வினா தவறாமல் எழும்.

தேதியை மாற்றமாட்டேன் என்பது விடையின் முற்பகுதியே. உடனே மற்றொரு கூட்டாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். காலங்கடந்தமைக்கு நீதிமன்றத்தின் பொறுப்பை வேண்டலாமா என்று ஆராய வேண்டும். தொழில் விதிகள் காக்கப்படுகின்றனவா என்று கவனிக்கும் பொறுப்பாளர் ஒருவரும் அங்கு நியமிக்கப்பட்டிருப்பார். பிழைகளால் கட்சிக்காரருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்ய நிறுவனங்கள் காப்பீடும் செய்துள்ளன. பிழை செய்வது மன்னிக்கப்படலாம், மறைப்பது மன்னிக்கப்படுவதில்லை. சிறு தவறொன்றை மூடுவதற்குப் பொய் சொல்லித் தொழிலையே இழந்த இளம் சொலிசிட்டர்களைப் பற்றிய தீர்ப்புகள் சொலிசிட்டர்களின் ஒழுக்கத் தீர்ப்பாயத்தில் உள்ளன.

இனி, பட்டறிவைப் பற்றிய வினாக்கள். ‘சினத்தோடு வந்த ஒருவரை நீர் எவ்வாறு அமைதிப்படுத்தினீர்? பலரோடு சேர்ந்து செய்த வேலையில் இடையூறு நேர்ந்தபோது என்ன செய்தீர்?’ என்று கேட்பர். சொலிசிட்டராகிய மாமனின் அலுவலகத்தில் விடுமுறையைக் கழித்த இளைஞன் இதற்கு விரிவாக விடை கூறுவான். சனிக்கிழமைதோறும் காய்கறிக் கடையில் கல்லாவில் அமர்ந்து கல்லூரிச் செலவுக்குப் பொருளீட்டிய மாணவியோ, அது இவ்விடத்தில் சொல்லத்தக்கதன்று என்று நாணி வாளாவிருந்துவிடுவாள். உண்மையில் அவளிடமே பொருள் மிகுதி. அழுகிய பழத்தைக் கொண்டுவந்து கூச்சலிட்டவரை முதலில் பேசவிட்டுக் கேட்டமை, கடையின் தவறு எது, அவருடைய தவறு எது என்று பிரித்தறிந்தமை, மாலையில் கல்லாவில் குறைந்த பணத்தைக் கடைக்காரரிடம் தானே சென்று சொன்னமை ஆகிய இவையெல்லாம் சொலிசிட்டர் அலுவலகத்தில் நாள்தோறும் வேண்டப்படும் பண்புகள். கேட்பவர் இதனை வெளிக்கொணரத் தெரிந்தவராக இருப்பின் அவளுக்கு இடம் கிடைக்கும். இல்லையேல் மாமனின் மருகனே வெல்வான்.

நேர்முகத் தேர்வின் குறை இங்கேதான் உள்ளது. தம்மைப் போல் பேசுபவரையும், தாம் பயின்ற பள்ளியில் பயின்றவரையும் கண்டால் மனிதர்க்கு விருப்பம் எழுவது இயல்பு. மனம் போனபடி உரையாடி ஆளை எடைபோடுவதைக் காட்டிலும், வேலைக்குரிய வினாக்களை முன்னரே வகுத்து அனைவரிடமும் அவற்றையே கேட்டு மதிப்பெண் இடுவது நம்பத்தக்கது என்று உளவியல் ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். இதனை ஏற்ற நிறுவனங்களில் இருவரோ மூவரோ தனித்தனியே மதிப்பெண் இட்டு, பின்னரே கலந்து பேசுகின்றனர். சில இடங்களில் விண்ணப்பதாரரின் பள்ளி, கல்லூரிப் பெயர்கள் கேட்பவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. வேறு சில நிறுவனங்கள் எத்தகைய பள்ளியில் பயின்று அம்மதிப்பெண்களைப் பெற்றார் என்பதையும் சேர்த்து எண்ணுகின்றன.

கேட்கத் தகாதனவும் உண்டு. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, வேலையை அளிக்க முன்வரும் முன், சில விலக்குகள் தவிர, உடல்நலம் பற்றி வினவுதல் கூடாது. விரைவில் திருமணம் செய்துகொள்வீரா, குழந்தை பெற எண்ணமுண்டா என்று ஒரு பெண்ணைக் கேட்டு, அதன் பேரில் அவளை ஒதுக்கினால், அது சட்டத்திற்கு மாறான வேறுபாடு ஆகும். குவினெத் பெப் வழக்கில் தோற்று ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் ஏற்பட்ட மாறுதல் இது.

இறுதியில், ‘நீர் எங்களைக் கேட்க விரும்புவது யாது?’ என்பர். ஒன்றுமில்லை என்பவர் வாய்ப்பை வீணாக்குகின்றார். இரண்டு ஆண்டுகளில் எத்தனை துறைகளில் பயிற்சி தரப்படும், கட்சிக்காரரை நேரில் காணும் வாய்ப்பு எப்போது வரும், பயிற்சி முடித்தவர்களை நிறுவனம் வைத்துக்கொள்கின்றதா என்பன கேட்கத் தக்கவை. பயிற்சி முடிந்தவுடன் நிலையான வேலை உறுதி என்று எங்கும் இல்லாமையால், கடைசி வினாவைக் கேட்க நாணுவதற்கு ஒன்றுமில்லை.

இடம் கிடைக்காதவர் தம் குறைகளை எழுதித் தெரிவிக்குமாறு கேட்கலாம்; பல நிறுவனங்கள் தெரிவிக்கின்றன. அவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 2016 முதல், பள்ளிப் படிப்பை முடித்தவர் பட்டம் இன்றியே அலுவலகத்தில் சேர்ந்து, ஊதியம் பெற்றுக்கொண்டே ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் சொலிசிட்டராகும் தொழிற்பயிற்சி முறை நடைபெறுகின்றது. 2021-இல் சொலிசிட்டர் தகுதித் தேர்வு என்னும் பொதுத்தேர்வு தொடங்கப்பட்டபோது, பயிற்சி விதியும் தளர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டு அனுபவத்தை ஒரே நிறுவனத்தில் பெறவேண்டும் என்பதில்லை. நான்கு இடங்கள் வரை பிரித்துப் பெறலாம். ஏழைகளுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் நிலையத்திலும், பல்கலைக்கழகச் சட்ட உதவி மன்றத்திலும் செய்த வேலை, சட்டப் பணியாக இருப்பின், கணக்கில் சேரும். அவ்வேலையை உண்மையாகச் செய்தார் என்று சொலிசிட்டர் ஒருவரோ அலுவலகத்தின் விதிப் பொறுப்பாளரோ உறுதி கூறுதல் வேண்டும்.